வினா ஆறு, விடை எட்டு: கணினிப் பாத்திரங்களை நேர்காண்பது பற்றி ஒரு திறனாய்வு

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் சங்கத்தின் இளைஞர் அணியைச் சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மலருக்குக் கட்டுரை கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, போன வருடம் பாதியில் விட்ட கட்டுரையை எடுக்க எழுந்தேன். "வேண்டாம் அங்கிள், இந்தத் தடவை நாங்க ஒரு ஆய்வு பண்ணியிருக்கோம். நீங்க பார்த்து ஓ.கே. சொன்னா போதும்" என்றார்கள்.

ஆய்வின் பொருள் நம் ஞாயிறு தமிழ் வகுப்பு. குழந்தைகளின் எண்ணிக்கை ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று நாற்பது பெற்றோரிடம் கேட்டிருந்தார்கள். எவ்வளவு நாள் ஆயிற்று என்றேன். "ஒரே சாயங்காலம் அங்கிள்" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேசிய மாதிரி ஆய்வில் களப்பணியாளனாகச் சேர்ந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் படியேறியவன் நான். குடும்பச் செலவு அட்டவணையை ஒழுங்காக நிரப்பினால் ஒரு நாளில் மூன்று வீடு முடியும். வெயில் இல்லாத நாளாக இருந்து, வீட்டில் நாயும் இல்லாவிட்டால் நான்கு. ஒரு சாயங்காலத்தில் நாற்பது எப்படி?

"அவங்க யாரும் நிஜ ஆளுங்க இல்ல அங்கிள். ஏ.ஐ. பர்சோனா."

இந்தக் கட்டுரை பிறந்த கதை இதுதான். அந்த நாற்பது 'பெற்றோரும்' ஏறக்குறைய ஒரே குரலில் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்: வேலை மிகுதி, போக்குவரத்து நெரிசல், ஆகவே வகுப்பை இணையவழி நடத்தினால் வசதி. இதை வைத்து, வாடகை கொடுத்து வைத்திருக்கும் வகுப்பறையைக் காலி செய்துவிடலாம் என்று செயற்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானமும் தயாராகியிருந்தது. விளையாட்டாகச் செய்த ஆய்வு என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு வகுப்பறையின் கதவை மூடப்போகிற ஆய்வு என்பதால் உட்கார்ந்து படித்தேன்.

முகமூடியின் கதை

'பர்சோனா' என்ற இலத்தீன் சொல்லுக்கு நடிகன் அணியும் முகமூடி என்று பொருள். நான் இக்கட்டுரையில் 'கணினிப் பாத்திரம்' என்றே எழுதுகிறேன். செய்முறை எளிது. மொழியைக் கற்ற ஒரு பெரிய நிரலிடம், "நீ நாற்பத்திரண்டு வயதுப் பெண், துவாரகாவில் அடுக்குமாடியில் குடியிருக்கிறாய், கணவனும் நீயும் வேலைக்குப் போகிறீர்கள், இரண்டு குழந்தைகள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு நாம் கேட்கும் கேள்விகளுக்கு அது அந்தப் பெண்ணாகப் பதில் சொல்லும். வயதையும் ஊரையும் மாற்றினால் வேறொரு ஆள். நாற்பது என்ன, நாலாயிரம் பேரையும் உண்டாக்கலாம்.

மனிதன் இப்படி ஒரு பொறியோடு பேசி மயங்குவது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966இல் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். உளமருத்துவர் போல, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் சின்ன நிரல் அது. அதை உருவாக்கும் வேலையை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பத்து ஆண்டுகள் கழித்து 1976இல் அவர் எழுதிய நூல் கணினியிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்பதைப் பற்றியது.

நம் பக்கத்திலும் இதன் உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டோம். 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில், மறைந்த கலைஞர் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே மறைந்த ஜெயலலிதாவின் குரலை அ.தி.மு.க. வெளியிட்டது. அங்கே யாரோ எழுதிக் கொடுத்த உரையை ஒரு முகமும் ஒரு குரலும் சொல்லின, அவ்வளவுதான். கேட்டால் பதில் சொல்லும் பாத்திரம் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. அதை யாரும் முன்கூட்டி எழுதவில்லை. அதனால்தான் அது உண்மை சொல்கிறது என்ற எண்ணம் நமக்கு எளிதில் வருகிறது.

அறிஞர்கள் கண்டது

வந்த பிள்ளைகளை 'சோம்பேறிகள்' என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் ஆதாரத்தோடு வந்திருந்தார்கள். அந்த ஆய்வுகளை நானும் முடிந்தவரை படித்துப் பார்த்தேன். மூன்று நான்கை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, லிசா ஆர்கைலும் அவருடைய குழுவினரும் 2023இல் வெளியிட்டது. அமெரிக்கத் தேர்தல் ஆய்வுகளில் பங்குகொண்ட உண்மை மனிதர்களின் வயது, இனம், கட்சிச் சார்பு முதலியவற்றை நிரலுக்குக் கொடுத்து, அவர்கள் எப்படி வாக்களித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். விடைகள் உண்மைத் தரவுகளுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வந்தன. 'சிலிக்கான் மாதிரி' என்ற சொல் அங்கிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது.

இரண்டாவது, ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜூன் சங் பார்க்கும் உடனிருந்தோரும் 2024 நவம்பரில் வெளியிட்டது. 1,052 அமெரிக்கர்களை ஆளுக்கு இரண்டு மணி நேரம் பேசவைத்து, அந்தப் பேச்சு முழுவதையும் நிரலுக்குக் கொடுத்து, ஆளுக்கொரு பாத்திரம் செய்தார்கள். பிறகு பொதுச் சமூக ஆய்வின் கேள்விகளை மனிதரிடமும் அவருடைய பாத்திரத்திடமும் கேட்டார்கள். கிடைத்த எண் 85 விழுக்காடு.

இந்த எண்ணைத்தான் பிள்ளைகள் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து சரி என்று அதற்குப் பொருளில்லை. ஒரு மனிதரிடம் கேட்ட கேள்வியையே இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால், அவரே எல்லாவற்றுக்கும் பழைய பதிலைச் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, நூறில் எண்பதுக்குப் பழைய பதிலைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் அறுபத்தெட்டைச் சரியாகச் சொன்னால், எண்பதில் அறுபத்தெட்டு என்பது 85 விழுக்காடு. கணக்கில் பிழையில்லை. அதைப் படிக்கிறவர்தான் நின்று படிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று அந்த ஆய்விலேயே இருக்கிறது. வயது, ஊர், தொழில் என்று வெறும் விவரக்குறிப்பை வைத்துச் செய்த பாத்திரங்களைவிட, இரண்டு மணி நேரப் பேச்சை வைத்துச் செய்தவை தெளிவாகச் சிறந்து நின்றன. இனம், கொள்கைச் சார்பு ஆகியவற்றால் சிலருக்கு மட்டும் கூடுதலாகத் தவறிப்போவதும் குறைந்தது. அதாவது, பாத்திரம் நன்றாக அமைய வேண்டுமானால் முதலில் ஓர் உயிருள்ள ஆள் உட்கார்ந்து பேசியாக வேண்டும். நம் பிள்ளைகள் விட்டுவிட்டது அந்த ஒரு படியைத்தான்.

மூன்றாவதும் நான்காவதும் எச்சரிக்கைகள். ஜேம்ஸ் பிஸ்பீயும் பிறரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பாத்திரங்களின் விடைகளில் உண்மை மனிதரிடம் உள்ள வேறுபாடு குறைவாக இருந்தது. கேள்வியின் சொற்களைச் சிறிது மாற்றினால் விடையும் மாறியது. அதே கேள்வியைச் சில மாதம் கழித்துக் கேட்டால் முடிவே வேறாக வந்தது. ஷிபானி சந்தூர்கரும் பிறரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்நிரல்கள் யாருடைய கருத்தைப் பேசுகின்றன என்று பார்த்தது. மோசமாகப் பிரதிபலிக்கப்பட்ட குழுக்களுக்கு எடுத்துக்காட்டாக அவர்கள் குறிப்பிட்டவர்கள், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களும். அமெரிக்காவிலேயே, ஆங்கிலத்திலேயே, நிலைமை அது. தில்லியில் ஒரு மாடியறையில் தனியாக இருக்கும் நம் பாட்டிமாருக்கு அந்த நிரலில் எத்தனை இடம் இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நன்னூல் தரும் அளவுகோல்

இனி என் திறனாய்வுக்கு வருகிறேன். அதற்குப் புதிய அளவுகோல் எதையும் நான் தேடவில்லை. பள்ளியில் நாம் உருப்போட்ட நன்னூலே போதும். பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் அந்தப் பாகுபாடு இந்தக் காரியத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

வினாவை முதலில் பார்ப்போம். ஆசிரியர் விடை தெரிந்தே மாணவனிடம் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. கயிறா பாம்பா என்பது ஐயவினா. கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கா?' என்பது கொளல்வினா. 'உனக்குச் சட்டை இல்லையா?' என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா. 'வீட்டுப்பாடம் எழுதினியா?' என்று வேலை ஏவுவது ஏவல்வினா.

ஆய்வு என்பது அறியாவினா. கேட்பவனுக்கு விடை தெரியக் கூடாது. தெரிந்ததாக நினைக்கவும் கூடாது. களப்பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். 'மாசம் பத்து கிலோ அரிசி ஆகுமா?' என்று கேட்டால் அந்த அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். 'கடந்த முப்பது நாளில் எவ்வளவு அரிசி ஆச்சு?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கக் காரணமாயிருந்த பேராசிரியர் மகலனோபிஸ், இரண்டு குழுக்களை ஒரே பகுதிக்குத் தனித்தனியே அனுப்பி இரண்டு முடிவுகளையும் ஒப்பிடும் முறையை வகுத்ததும் இதனால்தான். கேட்பவனின் கை விடையில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

கணினிப் பாத்திரத்திடம் கேட்கும்போது என்ன நடக்கிறது? 'கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள்' என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். பிறகு, 'ஏன் வகுப்புக்கு வரவில்லை?' என்று கேட்கிறோம். 'வேலை மிகுதி' என்று பதில் வருகிறது. நாம் பையில் போட்டதை நாமே எடுத்துவிட்டு ஆச்சரியப்படுகிறோம். அறிவினாவைக் கேட்டுவிட்டு, அறியாவினாவைக் கேட்டதாக நம்புகிறோம். இந்த முறையின் அடிப்படைக் குறை இதுவே என்பது என் துணிபு.

'நாங்கள் எழுதிக் கொடுத்தது மட்டுமா வருகிறது? அது படித்த கோடிக்கணக்கான பக்கங்களும் சேர்ந்துதானே வருகின்றன?' என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் யார்? வெளிமாநிலத் தமிழரைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்கள் எழுதியது. கரோல் பாக் மெஸ், மத்திய அரசு வேலை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், மலை மந்திர் கோயில், டிசம்பர் குளிரில் மார்கழிக் கோலம். எழுதாதவர்கள் அதில் இல்லை. ஜங்புரா பக்கம் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த 'மதராசி கேம்ப்' தில்லி உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 குடிசைகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்றுவீடு பெறும் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. நரேலா தில்லியின் வடக்குக் கோடி. நம் நாற்பது பாத்திரங்களில் நரேலாவில் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. அதற்கு நிரலைக் குற்றம் சொல்ல மாட்டேன். 'தில்லித் தமிழ்ப் பெற்றோர்' என்று பட்டியல் போட்டபோது பிள்ளைகளின் நினைவுக்கு அவர்கள் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை வளர்த்தது நாம்தான்.

விடை எட்டு

விடைக்கு வருவோம். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடியான விடைகள். இதோ என்று காட்டுவது சுட்டு. மாட்டேன் என்பது மறை. சரி என்பது நேர். மற்ற ஐந்தும் குறிப்பால் பொருள் தருபவை: ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி.

நாற்பது பாத்திரங்களின் விடைகளையும் ஒரு தாளில் கோடு போட்டு வகைப்படுத்திப் பார்த்தேன். எல்லாமே நேரடி விடைகள். கேட்டதற்குப் பதில், அதுவும் பத்தி பிரித்து, காரணம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு, கடைசியில் 'மொழி நம் வேர்' என்று ஒரு முத்தாய்ப்பு. தமிழும் நல்ல மேடைத்தமிழ்தான். ஒருவர்கூட 'இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க?' என்று கேட்கவில்லை. ஒருவர்கூட அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போகவில்லை.

பிறகு நான் பழைய பையை எடுத்து மாட்டிக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு வீடுகளுக்குப் போனேன். எல்லாம் வகுப்புக்கு வந்து நின்றுபோன குழந்தைகளின் வீடுகள். ஆறு வீட்டை வைத்து எந்தப் புள்ளிவிவரமும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் விடைகளின் வகையைப் பாருங்கள்.

மயூர் விஹாரில் ஒரு தாயார்: "என்கிட்ட ஏன் கேக்கறேள்? அவன்கிட்டயே கேளுங்கோ, இதோ இருக்கானே." இது ஏவல்.

துவாரகாவில் ஒரு தகப்பனார்: "தமிழ் எழுதக் கத்துக்கிட்டு இங்க யாருக்கு சார் லெட்டர் போடப் போறான்?" இது வினா எதிர் வினாதல்.

ஜனக்புரியில் ஒரு அம்மா: "பரதநாட்டியத்துக்கு அனுப்பறோமே!" இது இனமொழி.

நான்காவது வீட்டில் வகுப்பு நேரமும் கணக்கு ட்யூஷனும் மோதுகின்றன. ஐந்தாவது வீட்டில் பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டான். இவ்விருவரும் நேராகவே சொல்லிவிட்டார்கள். இவர்களுக்கு இணையவழி வகுப்பு உதவும். அதுவரை பாத்திரங்கள் சொன்னது சரிதான்.

ஆறாவது வீடு நரேலாவில். மெட்ரோவில் போய், அப்புறம் பேருந்து, அப்புறம் நடை. வீட்டுக்கார அம்மா நான்கு வீட்டில் வேலை செய்தவர். இடம் மாறியதும் அதில் மூன்று போய்விட்டது. முதலில் தண்ணீர் கொடுத்தார். கேள்வியைக் கேட்டேன்.

"போன வருசம் அனுப்பிக்கிட்டுத்தானுங்க இருந்தேன். ஒரு நாளு மழையில பஸ்ஸு கெடைக்காம, ராத்திரி எட்டு மணிக்குத்தான் புள்ளைங்க வீடு வந்து சேந்துச்சுங்க."

உற்றது உரைத்தல். குறித்துக்கொண்டேன். செல்பேசியில் வகுப்பு நடத்தினால் வசதியா என்று கேட்டேன். வீட்டில் ஒரு செல்பேசி. அதுவும் பகலில் கணவரோடு வேலைக்குப் போய்விடும். சரி, வண்டி ஏற்பாடு செய்தால் அனுப்புவீர்களா என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"அனுப்பலாமுங்க. ஆனா மறுபடியும் சிரிப்பாங்க."

உறுவது கூறல். யார் சிரிப்பார்கள் என்று கேட்டேன். சின்னப் பெண்தான் சொன்னாள். வகுப்பில் ஒரு நாள் அவள் எழுந்து ஏதோ சொன்னபோது 'வந்துக்கினு' என்றாளாம். வாத்தியார், 'இது என்ன தமிழ்?' என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் தம்பியும்கூட வர மாட்டேன் என்றுவிட்டார்கள்.

அன்றைக்குப் பாடம் நடத்திய வாத்தியார் நான்தான். வழக்கமாக வருகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதம் நான் வகுப்பெடுத்தேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டுதான் கதவோரத்தில் நின்றிருந்தாள். எனக்குத்தான் தெரியவில்லை.

பேருந்து என்பது முதல் விடை. காரணம் அதற்குப் பின்னால் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது வெளியே வந்தது. பாத்திரத்துக்கு மௌனம் கிடையாது. நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும்.

இதை நான் சொன்னபோது இளைஞர்களில் ஒருவர் விடவில்லை. "நரேலா அம்மான்னு ஒரு பர்சோனா போட்டு, கோபமா பதில் சொல்லச் சொன்னா இதெல்லாம் வரும் அங்கிள்" என்றார். என் எதிரிலேயே செய்து பார்த்தோம். வந்தது. ஏழ்மை, தூரம், 'சங்கங்கள் மேல்தட்டு மக்களுக்கானவை' என்ற விமரிசனம், எல்லாம் வந்தன. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் எந்த ஊர்ச் சங்கத்துக்கும் பொருந்தும் கோபம் அது. என் பெயர் அதில் இல்லை. 'வந்துக்கினு' இல்லை. எதைத் திருத்திக்கொண்டால் அந்தக் குழந்தை திரும்பி வருவாள் என்பதும் இல்லை.

என் நிழலோடு ஒரு பேச்சு

இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் என்னைச் சமாதானப்படுத்த, முந்தைய மலர்களில் நான் எழுதிய கட்டுரைகள் ஆறேழைக் கொடுத்து என்னையே ஒரு பாத்திரமாகச் செய்து காட்டினார்கள். என்னைப் போலவே 'துணிபு' என்கிறது. என்னைப் போலவே நன்னூலுக்குப் போகிறது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

தமிழ் வகுப்பில் பேச்சுவழக்கை அனுமதிக்கலாமா என்று அதனிடம் கேட்டேன். "முளையிலேயே திருத்துதல் நலம், கொச்சை வழக்கைப் பொறுத்துக்கொண்டால் எழுத்துத்தமிழ் கைகூடாது" என்றது. நான் சில ஆண்டுகளுக்கு முன் இதே மலரில் எழுதிய கருத்து அது. என் நிழல் என்னைச் சரியாகத்தான் சொன்னது. நரேலாவுக்குப் போகாத என்னை.

பார்க் குழுவினரின் ஆய்வில், மனிதர்கள் இரண்டு வாரத்தில் தம் பதிலை மாற்றிக்கொள்வதைக் கணக்கில் கழிக்க வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுமுறைக்கு அது தேவை, குறை சொல்லவில்லை. எனக்கோ அந்த மாற்றம்தான் நேர்காணலின் பயன் என்று தோன்றுகிறது. நல்ல நேர்காணலில் பதில் சொல்பவர் தாம் அதுவரை நினைத்துப் பார்க்காததை நினைக்கிறார். கேட்பவரும் போனபடியே திரும்புவதில்லை. பாத்திரத்திடம் நாற்பது பேட்டி எடுத்த நம் பிள்ளைகளிடம், 'இதனால் உங்கள் கருத்தில் எது மாறியது?' என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொள்ளத் தக்கதும் தள்ளத் தக்கதும்

அப்படியானால் இந்தக் கருவியே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. மூன்று பயன்களைக் கண்டேன். ஒன்று, வினாத்தாளை வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்லுமுன் பாத்திரத்திடம் கேட்டுப் பார்த்தால், எந்தக் கேள்வி குழப்புகிறது, எது இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்கிறது என்று தெரிகிறது. எங்கள் காலத்தில் இதற்கு ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு, முதல் முறை களத்துக்குப் போகிறவர்கள் கூச்சம் தெளியப் பழகிக்கொள்ளலாம். மூன்று, 'நாம் முன்கூட்டியே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதிப் பார்க்க இது நல்ல கண்ணாடி. பாத்திரங்களின் நாற்பது பதில்களையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, களத்துக்குப் போய் வந்த பிறகு பிரித்துப் பார்க்கலாம். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

தள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. பாத்திரம் சொன்னதை மக்கள் சொன்னதாக எழுதக் கூடாது. 'நாற்பது பெற்றோரிடம் கேட்டோம்' என்ற வாக்கியம் பொய். அதை வைத்து ஒரு கதவை மூடுவது பொய்யைவிடப் பெரிய தவறு. நிஜ ஆளிடம் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர் திரும்ப வந்து சண்டை போடுவார். பாத்திரங்களின் பெயரால் நாம் என்ன முடிவெடுத்தாலும் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. செயற்குழுவுக்கு அது வசதிதான். அந்த வசதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். என் குறிப்புகளைப் படித்துவிட்டு அவர்களே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். வகுப்பறை இந்த ஆண்டு முடியும்வரை இருக்கும். இணையவழி வகுப்பும், வேண்டுகிறவர்களுக்காக, தனியே நடக்கும். நரேலாவுக்கு மாதம் இரண்டு ஞாயிறு நாமே போய் அங்கேயே வகுப்பு நடத்தலாமா என்ற பேச்சும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சின்னப் பெண் வருவாளா என்று தெரியாது. வந்தால், 'வந்துக்கினு' என்பதை வைத்தே முதல் பாடத்தைத் தொடங்குவதாக இருக்கிறேன். 'வந்துகொண்டு' என்பதன் வழியில் வந்த சொல்தானே அது? வாசலில் நிற்க வைக்க என்ன குற்றம் செய்தது?

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். அடுத்த மலரில் நம் ஊரின் மூத்த தமிழர்களின் நினைவுகளைத் தொகுக்க எண்ணம். அறுபதுகளில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்குக் காது மந்தம், நினைவும் வந்து வந்து போகிறது. அவர்களுக்குப் பதிலாகப் பேச ஒரு பாத்திரத்தை எந்த நாளும் செய்துகொள்ளலாம், அவசரமில்லை. அவர்களிடம் போய்ப் பேசுவதற்குத்தான் நாள் குறைவு. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், ஒரு நோட்டுப்புத்தகம், கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பொறுமை. இவ்வளவுதான் வேண்டும். எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர நான் தயார். ஐப்பசி முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, அதே வகுப்பறையில் இருப்பேன். வாருங்கள்.